கை தட்டினால் வராதே

அவன் ஒரே ஒரு முறைதான் கை தட்டினான். அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கணினித் திரையில் ஓடிய ஒலிக்கோட்டின் தொடக்கத்தில் இரண்டு கூர்கள் நின்றன, ஒன்றை அடுத்து ஒன்று.

முதல் கூர் அவனுடையது. பாடத்தின் படம் டேப்லெட்டில் பதிவாகும். குரல் பக்கத்தில் வைத்த செல்போனில் பதிவாகும். பிறகு இரண்டையும் சேர்க்கும்போது கை ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் என்று இழுத்துக்கொண்டு போகாமல் இருக்க, ஆரம்பத்தில் காமிராவுக்கு முன்னால் ஒரு முறை கை தட்டிவிட வேண்டும். தட்டுகிற படமும் தட்டுகிற சத்தமும் பொருந்தும் இடத்தில் இரண்டையும் ஒட்டிவிடலாம். பெரிய ஸ்டுடியோக்காரர்கள் அதற்கென்று கிளாப் கட்டை வைத்திருப்பார்கள். கட்டை வாங்க வக்கில்லாதவர்களுக்குக் கை இருக்கிறது. இந்த வழியை எங்கிருந்தோ படித்துக்கொண்டு வந்தவள் அக்கா. அந்த வீட்டில் உருப்படியான யோசனை எதுவும் அவன் மண்டையில் உதித்ததாகச் சரித்திரம் இல்லை.

இரண்டாவது கூர் கொஞ்சம் குள்ளம். அரை விநாடி தள்ளி நின்றது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டான். 'டொப்' என்று மொத்தையாக ஒரு சத்தம். அது அவன் கை. வெள்ளைத் துணிக் கையுறை போட்ட கை அப்படித்தான் கேட்கும். அதற்கப்புறம், 'பட்.'

அது வெறும் கை. தோலும் தோலும் மோதுகிற சத்தம்.

எதிரொலி என்று சொல்லிக்கொண்டான். அந்த அறையில் எதிரொலி வராது என்பது அவனுக்கே தெரியும். வரக் கூடாது என்றுதான் நாலு சுவரிலும் பழைய கம்பளிகளை ஆணி அடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள், ஜன்னலை அட்டை வைத்து அடைத்திருந்தார்கள், கதவுக்கு அடியில் மணல் மூட்டை போட்டிருந்தார்கள். உள்ளே போய்ப் பேசினால் குரல் உதட்டை விட்டு இறங்கியதும் செத்துவிடும்.

கோட்டை வலது பக்கம் நகர்த்தினான். மூன்றாவது நிமிடத்தில் ஒரு ஜோடிக் கூர். ஐந்தாவதில் ஒரு ஜோடி. எட்டாவதில் இரண்டு. ஜோடிக் கூருக்கு அந்த வீட்டில் ஒரே அர்த்தம்தான் உண்டு. பாடம் சொல்லும்போது நாக்குப் பிசகினால் அக்கா பதிவை நிறுத்த மாட்டாள். இரண்டு முறை கை தட்டிவிட்டு அந்த வாக்கியத்தை மறுபடி சொல்லுவாள். வெட்டி ஒட்டுகிறவன் முழுப் பாடத்தையும் கேட்டுத் தேட வேண்டாம், ஜோடிக் கூர் நிற்கும் இடத்தில் கத்திரி வைத்தால் போதும். ஒரு தட்டு என்றால் தொடக்கம். இரண்டு தட்டு என்றால் தப்பு, வெட்டு.

ஒவ்வொரு ஜோடிக்கும் முன்னால் தான் என்ன சொன்னோம் என்று கேட்டுப் பார்த்தான். 'நான் இந்தப் பாட்டிலை வைத்து யோசித்தபோது.' பட், பட். 'என்னுடைய முறையில்.' பட், பட். 'இதுவரை வந்த இருநூற்றுப் பன்னிரண்டு பாடங்களையும் தனி ஒருவனாக.' பட், பட். பட், பட். வேறு எங்கும் இல்லை. உதரவிதானம் என்ற சொல்லை அவன் மென்று துப்பிய இடத்தில்கூட ஒன்றும் இல்லை.

ஊரெல்லாம் அவனைக் 'கையுறை சார்' என்று கூப்பிட்டது. பிள்ளைகள் பார்த்ததெல்லாம் ஒரு வெள்ளைத் தாள், அதன்மேல் எழுதுகிற, வெட்டுகிற, ஒட்டுகிற இரண்டு வெள்ளைக் கையுறைகள், அவனுடைய குரல். அந்தப் பழைய டேப்லெட்டில் கை உள்ளே வந்ததும் படத்தின் வெளிச்சம் குதித்துக் குதித்து மாறும். வெள்ளைக் கையுறை போட்டால் மாறாது. அதனால் கையுறை. அக்காவுக்கு ஆஸ்துமா, சாக்பீஸ் தூசியால் பள்ளிக்கூட வேலையை விட்டவள், பேசும்போது மூச்சு விசில் மாதிரி இழுக்கும், அது பதிவில் விழும். அதனால் அவள் சொன்ன பாடத்தை அப்படியே அவன் தன் குரலில் மறுபடி பேசி ஒட்டினான். அதனால் அவன் குரல். எல்லாவற்றுக்கும் ஒரு 'அதனால்' இருந்தது. கையுறைக்குள் இருந்தது யார் கை என்று யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ஒரே ஒரு பெயர் வந்தது. அது அக்காவின் பெயர் இல்லை.

அவள் போய்ப் பத்து மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு வந்த ஐந்தாறு பாடங்களில் மட்டும் கையும் அவனுடையது.

"என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு?"

மனைவி பின்னால் நின்றாள். துணிக்கடையில் வேலை செய்பவள், இன்றைக்கு விடுமுறை. கையில் தூசித் துணி. இன்னொரு கையில் நீல நிறத்தில் ஏதோ.

"ஒண்ணுமில்ல. வெயில்."

"வெயிலா? ரூமுக்குள்ள உட்கார்ந்துகிட்டு வெயிலாம்." சிரித்தாள். "சரி, இத பாருங்க. உங்க மேசை டிராயர்ல பின்னாடி மாட்டிக்கிட்டு இருந்துச்சு. அண்ணியோட இன்ஹேலர்."

அவன் ஒலிக்கோட்டை மூடினான்.

"அன்னிக்கு ரூம் பூரா தேடினோமே, கெடைக்கவே இல்ல. இங்க எப்படி வந்துச்சு?"

"அவதான் போட்டிருப்பா. உள்ள வச்சா அந்தப் புஸ்ஸுங்கற சத்தம் பதிவுல விழுதுன்னு வெளியதான் வைப்பா."

"அப்படியா." இன்ஹேலரைக் கையில் புரட்டிப் பார்த்தாள். "பாவம். கை எட்டற தூரத்துல இருந்திருந்தா பொழைச்சிருப்பாங்க இல்ல? தூக்கிப் போட்டுடவா?"

"இருந்த இடத்துலயே வை."

அவள் வைத்துவிட்டுப் போனாள். கெட்டிக்காரி, ஆனால் புருஷன் சொல்வதை நம்புகிறவள். அக்கா அந்த அறைக்குள் மூச்சு முட்டிக் கிடந்த அன்றைக்கும் நம்பினாள். எல்லோரிடமும் அவன் சொன்னது ஒரே வாக்கியம்தான்: "தட்டற சத்தம் லேசா கேட்டுச்சு, தப்புக் குறின்னு நெனச்சேன்." கேட்டவர்கள் அவன் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார்கள். யாருக்குத்தான் தோன்றும், நீ என்னப்பா பண்ணுவே என்றார்கள்.

இன்று மாலை ஆறு மணிக்குள் ஒரு பாடம் போய்ச் சேர வேண்டும். நாடு முழுக்கப் பள்ளிகளுக்குப் பாடம் தயாரிக்கிற ஒரு கம்பெனி, இனி எங்கள் தலைமை ஆசிரியர் நீங்கள்தான், முகத்தோடு வர வேண்டியவர் நீங்கள்தான் என்று சொல்லியிருந்தது. ஒரே நிபந்தனை. வெட்டு ஒட்டு இல்லாமல், ஒரே ஷாட்டில், நுரையீரல் பாடத்தை எடுத்து அனுப்ப வேண்டும். தொடக்கத்தில் அவன் கதையை அவன் வாயாலேயே சொல்ல வேண்டும். இது கிடைத்தால் அவன் ஆயுசுக்கும் வாத்தியார். கிடைக்காவிட்டால் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி கல்யாண வீடியோ எடுக்கப் போக வேண்டும், விளக்குப் பிடிக்கிறவனாக. நினைத்தாலே அவனுக்குக் கூசியது.

மதியம் ஒன்றரைக்கு மறுபடி உள்ளே போனான். அந்த நேரம்தான் அக்கம்பக்கத்து வீடுகளில் ஆள் இருக்காது, மாடியில் பந்து உருளாது. மனைவி வெளியே தாழ்ப்பாள் போட்டாள். அந்தக் கதவை உள்ளிருந்து சாத்தினால் காற்றுக்குத் திறந்துகொண்டே வரும்; வெளித் தாழ்ப்பாள் போட்டால்தான் இறுக்கமாக நிற்கும். வெளியே சுள்ளென்று வெயில் அடிக்க, உள்ளே நடுச்சாமம் மாதிரி இருட்டு. கம்பளியின் பழைய வாடை, புதுப் பலூன் ரப்பரின் வாடை, இரண்டுக்கும் அடியில், சுவரே வியர்த்து ஒழுக்குவதுபோல், அக்கா நெஞ்சில் தேய்த்துக்கொள்கிற தைலத்தின் வாடை. பத்து மாதமாகப் போகாத வாடை. இன்றைக்கு அது கொஞ்சம் கூடுதலாக, இப்போதுதான் மூடி திறந்த மாதிரி அடித்தது.

இரண்டு மேசை விளக்கையும் போட்டான். தாழ்வான மேசை, அதன்மேல் வெள்ளைத் தாள். இரண்டு பக்கமும் பழைய பாடப் புத்தக அடுக்கு, அவற்றின்மேல் குறுக்கே ஒரு பலகை, பலகையில் ஓட்டை, ஓட்டைக்கு மேல் டேப்லெட். உட்கார்ந்தால் திரை நெஞ்சுக்கு நேரே, வானத்தைப் பார்த்துக் கிடக்கும். கைகளைப் பலகைக்கு அடியில் நுழைத்து வேலை செய்ய வேண்டும். தன் கையை நேரில் பார்க்க முடியாது, திரையில்தான் பார்க்கலாம். பழகும்வரை அது யார் கையோ என்றுதான் இருக்கும்.

கையுறையை மாட்டினான். அக்காவின் கையுறை. அவன் கைக்குச் சின்னது, விரல் நுனி எப்போதும் முட்டும், காலையில்கூட முட்டியது. இப்போது முட்டவில்லை. அளவெடுத்துத் தைத்தமாதிரி உட்கார்ந்தது. துணி நைந்து இளகியிருக்கும் என்று நினைத்தான்.

ஒரு முறை தட்டினான். டொப். காத்திருந்தான். எதுவும் இல்லை. மூச்சு விட்டான். தாளின் மூலையில் பாடம் 213 என்று எழுதினான். எழுதி முடித்துத் திரையைப் பார்த்தான். அவன் எழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். தாளில் இருந்தது உருண்டை உருண்டையாக, இடைவெளி பிசகாமல், கரும்பலகையில் இருபது வருடம் எழுதிய கையெழுத்து.

பேச்சை நிறுத்தக் கூடாது என்று பேசினான். "பிள்ளைகளே, வணக்கம். இந்தப் பாடங்களை எல்லாம் நான் தனியாகத்தான்..."

பட். பட்.

இம்முறை ஹெட்போனில் இல்லை. பலகைக்கு அடியில். அவனுடைய இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில். கிளம்பிய காற்று கையுறைக்கு மேல் தோலில் பட்டது.

நாற்காலி சாய, போய்க் கதவை இடித்தான். திறந்த மனைவி, "என்ன, எலியா?" என்றாள்.

"ஆமா. எலி."

மூன்று மணிக்குக் கம்பெனி மேனேஜர் கூப்பிட்டார். கலகலப்பான மனிதர்.

"சார், ஆறு மணி, ஞாபகம் இருக்குல்ல? அப்புறம் ஒரு சின்னக் கேள்வி, தப்பா நெனைக்காதீங்க. பழைய பாடங்கள்ல எல்லாம் உங்க கை கொஞ்சம் சின்னதா இருக்கே? நடுவுல நல்லா சாப்பிட ஆரம்பிச்சிட்டீங்களா?"

அவர் சிரித்தார். இவனும் சிரித்தான். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வராது. அது எங்க அக்கா கை சார். ஆறு வார்த்தைகூட இல்லை. வாய் திறந்தது. கல்யாண மண்டபத்தில் விளக்குப் பிடித்துக்கொண்டு நிற்கிற தன்னைப் பார்த்தான். வாய் வேறு ஒன்றைச் சொன்னது.

"அது காமிரா கோணம் சார். எல்லாமே என் கைதான்."

தாழ்ப்பாள் போட்டிருந்த அறைக்குள்ளிருந்து, மணல் மூட்டைக்கும் கம்பளிக்கும் அந்தப் பக்கத்திலிருந்து, தெளிவாக வந்தது. பட். பட்.

"யாரு சார், வீட்ல கை தட்டறது?" என்றார் மேனேஜர். "அதுக்குள்ள பாராட்டு விழாவா?"

போனை வைத்தான். பயம்தான். ஆனால் பயத்துக்கு அடியில் இன்னொன்றும் கொதித்தது, அதை ஒளிப்பானேன்? அவனுக்குக் கோபம் வந்தது. சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். அவன் நோட்டில் தப்பைச் சுழித்துக் காட்டுகிறவள், அவன் தப்பாகச் சொன்ன வாய்ப்பாட்டை விருந்தாளிகள் முன்னால் திருத்துகிறவள். செத்தும் திருத்த வந்துவிட்டாள். போகட்டும். படத்தைத்தானே வெட்டக் கூடாது என்றார்கள், சத்தத்தைக் கழுவுவதில் என்ன வந்தது? அவள் எத்தனை முறை தட்டினாலும் கழுவிவிடலாம். முன்பும் ஒரு முறை கழுவியிருக்கிறான்.

நான்கு மணிக்கு மனைவியைக் கூப்பிட்டான்.

"இதுதான் கடைசி டேக். தாழ்ப்பாள் போடு. உள்ளேருந்து கை தட்டற சத்தம் கேக்கும். வராதே."

"தெரியுமே. ரெண்டு தட்டுனா தப்பு."

"எத்தனை தடவை தட்டுனாலும் வராதே. கதவு திறந்தா டேக் போச்சு, எல்லாமே போச்சு. நானா கூப்பிட்டாத்தான் தொறக்கணும். புரிஞ்சுதா?"

"என்னவோ முதல் தடவை மாதிரி பாடம் எடுக்கறீங்களே எனக்கு." அவன் சட்டைக் காலரைச் சரி செய்தாள். "நல்லா பண்ணுங்க. முடிச்சிட்டு வாங்க, டீ போட்டு வைக்கறேன்."

தாழ்ப்பாள் விழுந்தது.

உள்ளே தைல வாடை சுவர் மாதிரி நின்றது. அவன் விளக்கைப் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, கையுறை மாட்டி, கைகளைப் பலகைக்கு அடியில் நுழைத்தான். திரையில் வெள்ளைத் தாள் தெரிந்தது. அதன்மேல் படுக்க வைத்த பிளாஸ்டிக் பாட்டில். அடிப்பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, அங்கே பலூன் தோலை இழுத்துக் கட்டியிருக்கும். மூடியில் இரண்டு ஸ்ட்ரா, ஸ்ட்ராக்களின் நுனியில் பாட்டிலுக்குள் இரண்டு சின்னச் சிவப்புப் பலூன்கள். பலூன்கள் நுரையீரல், பாட்டில் நெஞ்சுக்கூடு, அடித்தோல் உதரவிதானம். அக்கா இதைச் செய்ய ஒரு வாரம் எடுத்துக்கொண்டாள். தன் நெஞ்சுக்குள் எது சரியாக வேலை செய்யவில்லையோ அதையே செய்து காட்டினாள். அதுதான் அவளுடைய கடைசிப் பாடம். பாதியில் நின்ற பாடம்.

பதிவுப் பொத்தானை அழுத்தும் முன் அறையைப் பார்த்துச் சொன்னான். "என்ன வேணாலும் தட்டிக்கோ. உன் பேர் வராது."

அழுத்தினான். மூலையில் சிவப்பு எண் ஓடத் தொடங்கியது. கைகளை விரித்து, ஓங்கித் தட்டினான்.

சத்தம் வரவில்லை.

திரையில் இரண்டு கையுறைகளும் சேர்ந்துதான் இருந்தன. ஆனால் அவன் உள்ளங்கைகள் ஒன்றையொன்று தொடவில்லை. நடுவில் ஏதோ இருந்தது. மெலிந்தது. சில்லென்றிருந்தது. எலும்பு தட்டுப்பட்டது. அவன் கைகளுக்கு முன்பே அங்கே வந்து காத்திருந்த இன்னொரு கை.

வெடுக்கென்று விலக்கினான். அவன் விலக்கிய இடத்தில், காதோரத்தில் அறைந்ததுபோல், சுத்தமாக ஒலித்தது.

பட்.

ஒரே ஒரு தட்டு.

அவன் அடுத்ததற்குக் காத்திருந்தான். அது வரவில்லை. தப்பு இல்லை இது. தொடக்கம்.

எழுந்திருக்க நினைத்தான். கால் கேட்கவில்லை. பழக்கம் வாயைத் திறந்தது. "பிள்ளைகளே..." குரல் எறும்புக் குரலாக வந்தது. திரையில் அவனுடைய கையுறைகள் தாளின் இரண்டு ஓரத்திலும் கிடந்தன. அவற்றுக்கு நடுவில், அவன் உட்கார்ந்திருக்கும் பக்கத்திலிருந்தே, அவன் வயிற்றுக்கும் மேசைக்கும் இடையில் யாரோ அவன் மடியில் உட்கார்ந்து கை நீட்டுவதுபோல், இரண்டு கைகள் நுழைந்தன. கையுறை இல்லாத கைகள். ஒரு பாடத்திலும் யாரும் பார்க்காத கைகள். மெல்லிய விரல்கள், கட்டைவிரலில் பழைய பிளேடு வெட்டு. நகங்கள் நீலம். கடைசியாக அவளைப் பார்த்தபோது இருந்த அதே நீலம்.

மடியில் கனம் இல்லை. குளிர் மட்டும்.

ஒரு கை பாட்டிலைப் பிடித்தது. இன்னொன்று அடித்தோலை இரண்டு விரலால் கிள்ளி, மெல்ல இழுத்தது. பாட்டிலுக்குள் பலூன்கள் உப்பின. அவன் நெஞ்சு உப்பியது. அவன் மூச்சு இழுக்கவில்லை. மூச்சு தானாக உள்ளே போனது, போதும் போதும் என்றும் போனது, விலா எலும்பு விண்ணென்று தெறிக்கும்வரை போனது. விரல்கள் விட்டன. பலூன்கள் சுருங்கின. காற்று அவனை விட்டு வெளியேறியது.

இழுத்தா உள்ள. விட்டா வெளிய. அப்படித்தான் அவள் பிள்ளைகளுக்குச் சொல்லுவாள். எளிமையாகச் சொல்லுவாள். யாருக்கும் மறக்காது.

மறுபடி இழுப்பு. மறுபடி விடுதல். நல்ல வாத்தியார்கள் மூன்று முறை செய்து காட்டுவார்கள். மூன்றாவது முறை விட்டபின் அந்தக் கை தோலைப் பாட்டிலுக்குள் அழுத்தியது. உள்ளங்கை வைத்து. ஆழமாக. பலூன்கள் இரண்டும் கசங்கி ஒட்டிக்கொண்டன.

அப்படியே பிடித்துக்கொண்டது.

அவன் வாய் திறந்து திறந்து மூடியது. ஒன்றும் போகவில்லை. 'கூப்பிட்டாத்தான் தொறக்கணும்.' கூப்பிட ஒரு சொல்லுக்கான காற்று இல்லை. அக்காவுக்கும் இருந்திருக்காது. அதனால்தான் அன்று அவள் தட்டினாள். இருவரும் போட்ட சண்டைக்கு அரை மணி கழித்து. "இந்தப் பாடத்துல என் பேர் போடுடா. இல்லேன்னா நானே என் குரல்ல எல்லாருக்கும் சொல்லிடுவேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள். இரண்டு தட்டு. இரண்டு தட்டு. இடையில் வாக்கியமே இல்லாமல், தட்டு மட்டும். தப்புக் குறி இல்லை என்று மூன்றாவது ஜோடியிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஹெட்போன் அவன் காதில் இல்லை, மேசையில் கிடந்தது; தட்டு ஒவ்வொன்றும் கதவைத் தாண்டிக் கேட்டது. இன்ஹேலர் அவன் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தான். மெதுவாகக் குடித்தான். பதினொரு ஜோடி எண்ணினான். பன்னிரண்டாவதில் ஒரு தட்டுதான் வந்தது. அப்புறம் டிராயரைத் திறந்து இன்ஹேலரைப் பின்னால் தள்ளிவிட்டு, தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுத்தான் தாழ்ப்பாளை நீக்கினான்.

கைகளைச் சேர்த்து அடித்தான். டொப். டொப்.

வெளியே மனைவியின் குரல் நின்றது. கேட்கிறாள். கேட்டுவிட்டாள். டொப். டொப். டொப். டொப்.

"இல்லக்கா, ஒண்ணுமில்ல." போனில் யாரிடமோ பேசினாள். கம்பளியைத் தாண்டி, தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோல் வந்தது. "உள்ள ஷூட்டிங் நடக்குது. தட்டிக்கிட்டே இருக்காரு. இன்னிக்கு ரொம்பத் தப்பு போல, பாவம்... ஐயோ, நான் போக மாட்டேம்பா. போனா கொன்னுடுவாரு."

சிரித்தாள்.

கையுறையைப் பல்லால் கடித்து இழுக்கத் தலையைக் குனிந்தான். பலகை இடித்தது. கைகளை வெளியே இழுத்தான். வரவில்லை. கையுறை விரல்களோடு தைத்துக்கொண்டிருந்தது. கண்ணில் கறுப்புப் புள்ளிகள். நெஞ்சுக்குள் யாரோ உட்கார்ந்து எழுந்தார்கள்.

நீல நகம் கொஞ்சம் தளர்ந்தது. பலூன்களுக்குள் ஒரு நூலளவு காற்று. அவனுக்குள் ஒரு நூலளவு காற்று. பேராசையோடு இழுத்தான். தொண்டையில் விசில் ஒலித்தது, அதே விசில். இரண்டு தட்டு தட்டினான். அதற்குத்தான் கொடுத்தது போலிருக்கிறது. உடனே உள்ளங்கை மறுபடி அழுந்தியது.

மறுபடி தளர்வு. ஒரு நூல். இரண்டு தட்டு. மறுபடி அழுத்தம்.

அவள் எண்ணுகிறாள். அது அவனுக்குப் புரிந்தது. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு நூல். நான்கு. ஐந்து. ஆறு. அவனுக்குக் கணக்கு வரும், அந்த அளவுக்கு வரும்.

தட்டாமல் இருந்து பார்த்தான். நூல் வரவில்லை. தட்டினான். வந்தது.

ஒன்பது.

அடுக்களையில் பாத்திரம் வைக்கும் சத்தம். தண்ணீர் கொதிக்கும் சத்தம். ஏலக்காயை இடிக்கிறாள். டொக், டொக்.

பத்து.

'அக்கா' என்று உதட்டால் சொன்னான். பேரைப் போடறேன் என்று சொன்னான். சத்தம் இல்லாமல், திரையைப் பார்த்து, அந்த நகங்களைப் பார்த்து. எல்லாப் பாடத்துலயும் போடறேன். கைகள் ஒரு கணம் அசையாமல் நின்றன, பிள்ளை சொல்லும் பதிலைக் கேட்பதுபோல். பிறகு ஒரு கை பாட்டிலை விட்டு மேலெழுந்து, இன்னொரு கையின் புறங்கையில், நிதானமாக, இரண்டு முறை தட்டியது.

பட். பட்.

பதினொன்று.

வெளியே டீயை ஆற்றுகிற சத்தம், ஒரு தம்ளரிலிருந்து இன்னொன்றுக்கு. அவன் கைகளைத் தூக்கினான். ஒன்று வந்தது, இன்னொன்று வரவில்லை. வந்தது தாளின்மேல் விழுந்தது. டொப்.

திரையில் வெள்ளைத் தாள். ஓரத்தில் பாடம் 213 என்று அழகான எழுத்து. இரண்டு வெள்ளைக் கையுறைகள் விரல் விரித்துக் கிடந்தன. நடுவில் நீல நகங்கள் பாட்டிலின் அடித்தோலை உள்ளே அழுத்திப் பிடித்திருந்தன. மூலையில் சிவப்பு எண் ஓடிக்கொண்டிருந்தது. பலூன்கள் கசங்கி ஒட்டியே கிடந்தன. அந்தக் கை எடுக்கப்படவே இல்லை.